கரடி பூசிய அரக்கு

வேங்கை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் பளபளப்பென்றால் மயங்கிவிடும் கரடி ஒன்று இருந்தது. மரக்குவளை செய்வது அதன் தொழில். ஒழுகும் குகையில் வசிப்பது அதன் விதி.

யானைக் கன்றுக்குப் பெயர் சூட்டும் விழா வந்தது. கன்றின் அத்தை கரடியை அழைத்தது.

"விருந்துக்குக் குவளை செய்து கொடு. நன்றாக இருந்தால், ஒழுகாத ஆற்றோரக் குகை உனக்கு."

"என் குகைதான் ஒழுகும் அத்தை, குவளை ஒழுகாது!"

கரடி ஒரு குவளைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக் காயவைத்தது. மரம் எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டு மங்கலாக நின்றது. இன்னொன்றுக்கு அரக்கைப் பூசியது. அதில் கரடியின் முகமே தெரிந்தது.

"அடடா, இந்த மூஞ்சியைக்கூட அழகாகக் காட்டுகிறதே!"

பக்கத்துப் புதரில் இருந்த முள்ளம்பன்றிக்கு நாக்கிலும் முள். "முகம் பார்த்தது போதும். குடித்துப் பார்த்தாயா?"

கரடி ஓடையில் குளிர்ந்த நீரை மொண்டது. எச்சில் படக்கூடாது என்று அண்ணாந்து குடிப்பது அதன் குடும்ப வழக்கம். கடகடவென்று வாயில் ஊற்றிக்கொண்டது.

"சொட்டுக்கூட ஒழுகவில்லை!" என்று எல்லாக் குவளைகளுக்கும் அரக்கையே பூசியது.

விழாவில் சுக்குக் கஷாயம் கொதிக்கக் கொதிக்க வந்தது. முதலில் அத்தை ஒரு வாய் குடித்து, கன்றின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். 'மரகதவல்லி' என்று பெயரும் தேர்ந்து வைத்திருந்தது.

அத்தை குவளையை உதட்டில் வைத்து உறிஞ்சியது. சூட்டில் அரக்கு இளகியது. குவளையை வெடுக்கென்று இழுத்ததும், அரக்கு உதட்டோடு வந்து இறுகிவிட்டது. வாய் திறக்கவில்லை.

"ம்மு... ம்மு... ம்மு..."

"அம்முவா? நல்ல பெயர்!" என்று காடே ஆரவாரம் செய்தது. கன்றும் தலையாட்டிவிட்டது.

அத்தை கரடியை முறைத்தது.

"அத்தை, நான் குகையைக் கேட்கவே இல்லை," என்று சொல்லிக்கொண்டே கரடி ஓடியது.

மழை பிடித்தது. விழாவிலிருந்து திரும்பி வந்த குவளைகளைக் கரடி சுரண்டி, எண்ணெய் தேய்த்து, காய்ந்த பின் மீண்டும் தேய்த்தது. பிறகு குகையில் ஒழுகிய இடத்திலெல்லாம் அவற்றை வைத்தது. "ஊரே சிரித்த தொழிலாளிக்கு ஒழுகல்தான் உதவியாள்," என்று தானும் சிரித்துக்கொண்டது. குவளைகளில் நீர் நிறைந்தது; மரம் ஊறவில்லை, வெடிக்கவில்லை.

ஒரு நாள் அம்மு இருமிக்கொண்டே அத்தையோடு குகைக்குள் ஒதுங்கியது. கரடி சூடான கஷாயத்தைக் குவளையில் ஊற்றி நீட்டியது.

"முதலில் நீ குடி," என்றது அத்தை. "அண்ணாந்து அல்ல!"

கரடி கண்ணை மூடிக்கொண்டு வாய்வைத்துக் குடித்தது. பிறகு வாயைப் பிளந்தது. "திறக்கிறது அத்தை! நன்றாகப் பாருங்கள், இன்னும் திறக்கிறது! பேசவும் முடிகிறது! பாடட்டுமா?"

அம்மு குடித்தது. அத்தையும் குடித்தது. "ஆற்றோரக் குகை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது," என்றது.

வாசலில் நனைந்துகொண்டிருந்த முள்ளம்பன்றி எட்டிப் பார்த்து, கரடியின் வாயைக் காட்டிச் சொன்னது:

"குவளைக்கெல்லாம் எண்ணெய் சரி அத்தை. இந்த வாய்க்கு மட்டும் பழைய அரக்கே இருக்கட்டும்!"

நீதி: பிறருக்குச் செய்யும் பொருளை, அவர்கள் பயன்படுத்தும் விதத்திலேயே பயன்படுத்திப் பார்.