பல்லக்கில் ஏறிய பூப்பெயர்

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றைச் சூரகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பவர் மந்திரி அழகியநம்பி!

ஒருநாள் ஆங்கிலேயக் கப்பல் துரை ஒருவர் ராஜாவுக்குப் பூந்தொட்டி ஒன்றைக் கொடுத்து, "இந்தப் பூவின் பெயர் மெசெம்பிரியாந்திமம்" என்றார்.

"மெசெ... மெம்பி..." ராஜாவுக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. துரை சிரித்துவிட்டார். என்ன அவமானம்!

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த புலவர் சுப்பிரதீபருக்குக் கொண்டாட்டம். "மகாராஜா, நாளைச் சபையில் தாங்கள் இதைத் தடங்கலின்றிச் சொல்ல வேண்டும், பூவும் விரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் மந்திரி பொறுப்பு. தவறினால் நாட்டைவிட்டே போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்!"

மந்திரி துரையிடம் ஓடினார். பெயரை எப்படிச் சொல்வது என்பதோடு, அதற்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ராஜாவைப் பல்லக்கில் ஏற்றினார். "அடிக்கு ஓர் அசை சொல்லி நடங்கள். நாலாவது அடியில் மட்டும் ஓங்கித் தூக்குங்கள்!" என்றார் தூக்கிகளிடம்.

"மெ! செம்! பிரி! யான்! தி! மம்!"

நாலாவது அடியில் ராஜா மெத்தையிலிருந்து எம்பினார். கூடவே குரலும் எம்பியது. "அடேய், என் இடுப்பு!" என்று முதல் தெருவில் கத்தியவர், கோட்டையைச் சுற்றி வருவதற்குள் தூக்கிகளைவிட உரக்கப் பாடினார்!

உச்சிவேளைக்குத்தான் சபை கூடியது. ராஜா எழுந்தார். "மெசெம்பிரியாந்திமம்!" துரை எழுந்து நின்று கை தட்டினார்.

"பூ?" என்று பாய்ந்தார் சுப்பிரதீபர். "காலையில் நானே பார்த்தேன், மூடிக் கிடந்தது!" வெயிலிலிருந்து அப்போதுதான் துணி போர்த்திக் கொண்டுவந்த தொட்டியை அவரே திறந்தார். அடடா, பூவெல்லாம் விரிந்து தகதகத்தன!

"பெயரில் முன்பாதி நடுப்பகல், பின்பாதி பூ," என்றார் மந்திரி. "காலையில் போய்ப் பார்த்தால் எப்படி, புலவரே? அதற்காகத்தான் ராஜாவை இவ்வளவு நேரம் சுற்ற வைத்தேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "புலவரே, இனி என் பல்லக்குக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொண்டு நடப்பவர் நீர்தான்!"

"பல்லக்கு இல்லாமல் நாலாவது அசை எப்படி எம்பும், மகாராஜா?"

"நீர் குதியும்!"

அன்று முதல் புலவர் குதிப்பதைப் பார்க்கத் தெருவே கூடியது.