பின் சீட்டுக்கு அடியில் ஒரு வயர்

பழைய கார்களில் வரும் ரேடியோ, டேப் எது மக்கர் பண்ணினாலும் தூத்துக்குடிக்காரர்கள் பிலோமினா டீச்சரின் ஷெட்டுக்குத்தான் வருவார்கள். டீச்சர் முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவர். எத்தனையோ பேர் படித்துவிட்டுப் போனார்கள். போகாமல் ஒட்டிக்கொண்ட ஒரே சீடன் சுடலைமுத்து. நாற்பத்தாறு வயது. வேலையில் கெட்டி, கோபத்தில் அதைவிடக் கெட்டி.

அன்றைக்கு டீ குடித்துவிட்டு வந்தவன், ஷெட்டுக்குள் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் அப்பாவின் கார். அப்பாவுக்குக் காரியம் முடிந்த கையோடு அண்ணன் இசக்கி அதைத் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு பேச்சு நின்று ஒன்பது வருஷமாகிறது.

"உங்க அண்ணன்தான் விட்டுட்டுப் போனாரு. சாயங்காலம் வருவாராம்," என்றார் டீச்சர். "பாட்டுப் போட்டா கூடவே ஒரு இரைச்சல் வருதாம். பாரு."

"நான் பாக்க மாட்டேன் டீச்சர்."

"சரி, நானே பாக்கேன். நீ ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குடு."

வேலையைத் தலையில் கட்டுவதற்கு அவர் வைத்திருக்கிற பழைய தந்திரம் அது. தெரிந்தும் சுடலை மாட்டிக்கொண்டான். முணுமுணுத்தபடி டிரைவர் சீட்டில் ஏறினான்.

கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோ. குமிழைத் தொட்டதும் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. குற்றால சீசனுக்கு இந்த வண்டியில்தான் போவார்கள். அப்பா ஓட்டுவார், பக்கத்தில் அம்மா, பின்னால் இவனும் அண்ணனும் தங்கச்சியும். கேசட்டைத் திருப்பிப் போடுவது யார் என்று இரண்டு பயல்களுக்கும் அடிதடி நடக்கும். அப்பா ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி, "ரெண்டு பேரும் சேந்து போடுங்கலே" என்பார்.

எஞ்சினை ஓடவிட்டுப் பாட்டைப் போட்டான். பாட்டுக்குப் பின்னால் ஒரு கீச்சல் கேட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது.

"அப்பா வண்டிய எப்படி வச்சிருக்கான்னு பாருங்க. ஆசையா எடுத்துட்டுப் போனாம்லா? கண்ட கேசட்டையும் போட்டுக் கெடுத்திருக்கான்."

"பாட்டைக் குறை."

குறைத்தான்.

"இன்னும்."

"சுத்தமா குறைச்சாச்சு."

பாட்டு போய்விட்டது. கீச்சல் அப்படியே இருந்தது.

"இப்பச் சொல்லு. கேசட்டு மேலயா தப்பு?"

"இல்ல. எர்த்து வயர்லதான் கோளாறு," என்றான் சுடலை, சுரத்தே இல்லாமல்.

"முன்னால ஸ்டீரியோவுக்கு இருக்கிற எர்த்தை நான் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு. பின் சீட்டைத் தூக்கு."

தூக்கினான். அடியில் சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயர். அதன் எர்த் வயர் பக்கத்திலேயே ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. உப்புக்காற்றில் போல்ட் துருவேறிப் பொருக்குத் தட்டிப்போயிருந்தது.

"எந்த மடையன் இப்படித் தனியா எர்த்து எடுத்தான்? முன்னால இருக்கிறதோட ஒரே இடத்துல மாட்டியிருந்தா சத்தமே வராதே," என்று வயரைப் பிடித்தவனின் கை அப்படியே நின்றது.

வயரின் ஒட்டில் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. அதன் மேல் இறுக்கிக் கட்டிய சிவப்பு ரிப்பன். தங்கச்சியின் ரிப்பன்.

ஐ.டி.ஐ. படிக்கிற காலத்தில், குற்றாலம் கிளம்புவதற்கு முந்தின நாள், பின்னால் உட்காருகிறவர்களுக்கும் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டுமென்று அவன்தான் அந்த ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். வயரில் சுற்றுகிற இன்சுலேஷன் டேப் தீர்ந்துபோய் ரிப்பனைப் பிடுங்கியதற்காகத் தங்கச்சி தென்காசி வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள். வேலை முடிகிறவரை அண்ணன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். "எந்தம்பி போட்டது" என்று குற்றாலத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

சுடலைக்கு வெட்கமாக இருந்தது. தலையை வெளியே எடுக்கவே மனசில்லை.

"ஒன்பது வருஷமா இந்தச் சத்தத்தோடயா ஓட்டுதான்?" என்றான் உள்ளிருந்தபடியே. "யாருகிட்ட குடுத்தாலும் பத்து நிமிஷ வேலை. ஏன் டீச்சர் சரி பண்ணாம விட்டான்?"

டீச்சர் உப்புத்தாளை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நானும் காலையில அதைத்தான் கேட்டேன். 'போன கடையில எல்லாம் அந்த வயரைக் கழட்டணும்னு சொன்னாங்க. தம்பி போட்டது, அவன் வந்து கழட்டட்டும்னு இருந்தேன். அவன் வரல. அதான் வண்டியக் கொண்டாந்துட்டேன்'னு சொன்னாரு."