பாதிப் பலாவுக்குப் போன தம்பி

மிருகக்காட்சிசாலையின் நடுவே ஒரு மண்திட்டு இருந்தது. அதன் மூன்று பக்கம் அகழி, ஒரு பக்கம் கம்பி வலை. அந்தத் திட்டில் சுண்டல் என்கிற சிம்பன்சிப் பயல் தன் அப்பா அம்மாவோடு குடியிருந்தான்.

அப்பா பெயர் ஜமீன். சாப்பிட்டதும் நிழலில் மல்லாந்து படுத்துக் கால்மேல் கால் போட்டுக்கொள்வார். தலையில் பேன் பார்க்க ஆள் இருந்தால் போதும், வேறு கவலையே கிடையாது. அம்மா பெயர் பவளம். அந்தக் குடும்பத்தில் வேலை செய்கிற ஒரே ஆள் அவள்தான்.

சுண்டலுக்கும் வேலை இருந்தது. எல்லாம் விஷம வேலை! வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு பரம சாதுவாக உட்கார்ந்திருப்பான். "ஐயோ பாவம், எவ்வளவு அமைதியா இருக்கு பாரேன்!" என்று யாராவது போட்டோ எடுக்கக் கிட்டே வந்தால், புஸ்ஸ்! அவ்வளவுதான், சட்டையெல்லாம் ஈரம். அவர்கள் திட்டத் திட்ட இவன் தரையில் உருண்டு உருண்டு சிரிப்பான்.

எட்டிப் பார்க்கிற ஜனங்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவார்களா? தொப்பியைத் தவறவிடுவார்கள். கண்ணாடியைத் தவறவிடுவார்கள். ஒற்றைச் செருப்பு கூட விழுந்திருக்கிறது. உடனே காவலாள் ஆரோக்கியம் கம்பி வலைப் பக்கம் ஓடி வருவார். அங்கே சாப்பாட்டுத் தட்டு தள்ளுகிற அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஒரு கையில் வாழைப்பழத்தைக் காட்டி, இன்னொரு கையை நீட்டி, "கொடுறா ராசா!" என்பார். சுண்டல் சாமானைக் கொடுப்பான். பழம் கிடைக்கும். இதுதான் அங்கே வழக்கம்.

இந்த வழக்கத்தை ஒருவன் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கூண்டுக்காரன் இல்லை, ஊர்சுற்றி நாட்டுக்குரங்கு. கங்காணி என்று தனக்குத் தானே பேர் வைத்துக்கொண்டவன். கிளையில் தொங்கி அகழியைத் தாண்டி வருவான், வேலை முடிந்ததும் போவான். நீளமான வால் ஒன்று இருந்தது. அதைப் பற்றித்தான் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் சுண்டல் கையில் ஒரு தொப்பி இருந்தது. கங்காணி இறங்கி வந்தான்.

"அட, வாலில்லாத பயலே! முழுசா கொடுத்தா ஒரு பழம். பிச்சுப் பிச்சுக் கொடுத்தா?"

சுண்டலுக்குப் பளிச்சென்று புரிந்தது. தொப்பியின் முன்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தான், ஒரு பழம். காதை மூடுகிற ஒரு பக்கத் துணியைக் கொடுத்தான், இன்னொரு பழம். நாடாவுக்குக்கூட ஒரு பழம் வந்தது! ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டார். "நீ பொழைச்சுக்குவேடா!" என்றார்.

"யோசனை என்னுது. பாதி எனக்கு!" என்று கங்காணி பழங்களை வாரிக்கொண்டு போனான். சுண்டலுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அண்ணன் எவ்வளவு புத்திசாலி என்றுதான் நினைத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பவளத்துக்கு ஒரு ஆண்குட்டி பிறந்தது. பின்பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை மயிர், பொட்டு வைத்த மாதிரி. அதனால் ஆரோக்கியம் அதற்குப் பொட்டு என்றே பேர் வைத்தார்.

பொட்டு வந்த நாளிலிருந்து அம்மாவின் வயிறு பொட்டுவுக்கு, மடி பொட்டுவுக்கு, முதுகும் பொட்டுவுக்கு! முன்பெல்லாம் சாயங்காலமானால் அம்மா சுண்டலைக் கீழே தள்ளி, மூச்சு முட்டுகிற வரைக்கும் கிச்சுகிச்சு மூட்டுவாள். அதற்காகவே அவன் நாள் முழுக்கக் காத்திருப்பான்.

"அம்மா! கிச்சுகிச்சு!"

"ஸ்ஸ்! கத்தாதே. தம்பி இப்பத்தான் கண் அசந்தான்."

"அம்மா, கொஞ்சம்!"

"போடா கண்ணு, போய் அப்பாகூட விளையாடு."

அப்பாகூட என்ன விளையாடுவது? அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். சுண்டல் வாயில் தண்ணீர் அடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். ஜனங்கள் வந்தார்கள். துப்பக்கூட மனசு வரவில்லை. அப்படியே விழுங்கிவிட்டான்.

கங்காணிக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா?

"என்னடா மூஞ்சி தொங்குது?"

"எல்லாம் அந்தப் பொட்டுவாலதான்!"

"அப்ப ஒரு நல்ல சேதி சொல்றேன் கேளு. யானைக்குன்னு வண்டி நிறையப் பலாப்பழம் வந்திருக்கு. வாசனை வருதா?"

வந்தது. மூக்கைத் துளைத்தது.

"தொப்பி நாடாவுக்கு ஒரு வாழைப்பழம் கொடுக்கிற ஆளு, உயிரோட இருக்கிற குட்டிக்கு என்ன கொடுப்பான்? பலாப்பழமே கொடுப்பான்டா! தம்பியும் போவான், பழமும் வரும், அம்மாவும் உனக்கே உனக்கு. கசக்குதா உனக்கு?"

சுண்டல் எச்சிலை விழுங்கினான்.

மத்தியானம் நல்ல வெயில். பொட்டு முந்தின இரவெல்லாம் சிணுங்கியதில் பவளத்துக்குத் தூக்கம் சொக்கியது. அவள் சுண்டலைக் கூப்பிட்டாள்.

"தம்பியைக் கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிறியாடா? நீதான் பெரியவனாச்சே!"

இதுவரைக்கும் அவள் பொட்டுவை யார் கையிலும் கொடுத்ததில்லை, ஜமீன் கையில்கூட. சுண்டல் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். பவளம் படுத்ததுமே அசந்து தூங்கிவிட்டாள். பொட்டு அவன் கீழுதட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துச் சிரித்தது. சுண்டலுக்கு ஒரு நிமிஷம் மனசு என்னவோ செய்தது. ஆனால் அதே நேரம் பார்த்துத்தானா ஆரோக்கியம் பாதிப் பலாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போக வேண்டும்!

"ஓடு! ஓடுடா!" என்று மரத்திலிருந்து கங்காணி விரட்டினான்.

சுண்டல் ஓடினான். பொட்டுவை ஜன்னலுக்குள் நீட்டினான். இன்னொரு கையைப் பலாவைப் பார்த்து நீட்டினான்.

"அடப்பாவி!" என்று அலறினார் ஆரோக்கியம். அவசரமாக ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் காட்டினார். சுண்டல் தலையை ஆட்டினான். கை வலித்ததால் பொட்டுவின் காலை ஒரு கையாலும் கையை ஒரு கையாலும் மாற்றிப் பிடித்தான். அவன் மனசில் வேறு எதுவும் இல்லை. ஆனால் ஆரோக்கியத்துக்கு அந்தத் தொப்பி ஞாபகம் வந்துவிட்டது. பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தானே, அந்தத் தொப்பி! தம்பியையும் அப்படியே பிய்த்துவிடுவானோ!

"இந்தாடா, எடுத்துக்கோ! எல்லாத்தையும் எடுத்துக்கோ!"

பாதிப் பலா உள்ளே வந்தது. பொட்டு வெளியே போனது.

சுண்டல் ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டான். ஆகா! அடுத்தடுத்து அள்ளிப் போட்டான். வயிறு புடைத்துக்கொண்டது. கங்காணி கீழே குதித்தான். "யோசனை யாருது?" என்று கேட்டுக்கொண்டே மிச்சச் சுளைகளை மார்போடு வாரி அணைத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டான்.

அப்போதுதான் கம்பிக்கு அந்தப் பக்கம் பொட்டு அழுதது. "ஹூ... ஹூ..." என்று ஒரு சின்னச் சத்தம்.

சுண்டலுக்கு வாயிலிருந்த சுளை தொண்டையில் நின்றுவிட்டது. தொப்பி இப்படி அழவில்லையே!

சத்தம் கேட்டுப் பவளம் எழுந்து ஓடி வந்தாள்.

"தம்பி எங்கேடா?"

"தெரி..." என்று சுண்டல் ஆரம்பித்தான். பலாப்பால் உதட்டை ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. பவளம் அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவ்வளவும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. வலையோரம் போய் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வெறுங்கையை நீட்டினாள். ஆரோக்கியம் அந்தக் கையில் ஒரு பழத்தை வைத்தார். அதைக் கீழே விட்டுவிட்டு மறுபடியும் வெறுங்கையை நீட்டினாள்.

அதற்குள் மிருக டாக்டரம்மா வந்து பொட்டுவைக் கையில் வாங்கிக்கொண்டார். மனுஷர் பேசுவது மிருகங்களுக்கு நன்றாகவே புரியும். மிருகங்கள் பேசுவதுதான் மனுஷர் மண்டையில் ஏறாது.

"பவளம் பாவம்தான்," என்றார் டாக்டரம்மா. "ஆனா இவன் நாளைக்கும் தம்பியைத் தள்ளிவிட்டா என்ன பண்றது? கீழ போட்டுட்டா? குட்டியை ஆஸ்பத்திரியில வச்சுப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்துடலாம் ஆரோக்கியம். வேற வழியில்ல."

பவளம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அவள் நீட்டிய கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

சுண்டல் ஓடினான். பலாத்தோலைக் கொண்டுவந்து நீட்டினான். ஆரோக்கியம் தலையை ஆட்டினார். மறுபடியும் ஓடினான். கல்லுக்கடியில் ஒளித்துவைத்திருந்த ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்தான். உடைந்த சீப்பைக் கொண்டுவந்தான். உயிராக வைத்திருந்த கண்ணாடிச் சட்டத்தைக்கூடக் கொண்டுவந்தான். ஒன்றும் எடுபடவில்லை.

கடைசியில் மரத்தடிக்கு ஓடினான்.

"அண்ணே! அந்தச் சுளையெல்லாம் திருப்பிக் கொடுண்ணே! தம்பியைத் திரும்ப வாங்கணும்!"

கங்காணி விரலை நக்கிக்கொண்டே சிரித்தான். "தின்னதைத் திருப்பிக் கேட்கிற ஆளை இப்பத்தான்டா பார்க்கிறேன்! கொடுத்தது கொடுத்ததுதான். அவ்வளவு கஷ்டமா இருந்தா ஒண்ணு பண்ணு. உங்கம்மாவையும் தள்ளிவிட்டுடு. முழுப் பலாவே வாங்கலாம்!"

இவ்வளவு நாள் இந்த மூஞ்சியையா அண்ணன் என்று கூப்பிட்டோம் என்று சுண்டலுக்கு உடம்பெல்லாம் கூசியது.

திரும்பி வந்தான். அவன் கையில் இப்போது ஒன்றும் இல்லை. அம்மாவின் நீட்டிய கையைப் பார்த்தான். மெதுவாக அதை எடுத்து ஓரமாக வைத்தான். தன் தலையை ஜன்னலுக்குள் விட்டான். இரண்டு கைகளையும் விட்டான். உந்தினான், எம்பினான்.

"என்னை எடுத்துக்கோ! தம்பியைக் கொடு!"

பாதி தூரம் போனான். அதற்கு மேல் போக முடியவில்லை. வயிறு நிறையப் பலாச்சுளை அல்லவா இருக்கிறது! முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தலை ஆரோக்கியத்துப் பக்கம், பின்பக்கம் அம்மா பக்கம், நடுவில் சுண்டல் நன்றாக மாட்டிக்கொண்டான்.

மனுஷர் காதில் விழுந்ததெல்லாம் "ஹூ ஹூ"தான். ஆனால் அவன் ஒரு கையால் தன் நெஞ்சைத் தட்டினான். இன்னொரு கையைப் பொட்டுவைப் பார்த்து நீட்டினான். இது எந்த மண்டையிலும் ஏறும்.

"டாக்டரம்மா, பாத்தீங்களா! தம்பிக்குப் பதிலா தன்னையே கொடுக்கிறான்!" என்றார் ஆரோக்கியம்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். அவர் கையிலிருந்த பொட்டு எட்டி, சுண்டலின் கீழுதட்டைப் பிடித்து இழுத்தது. பலாப்பாலில் விரல் ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சரி, தம்பியைத் திருப்பிக் கொடுத்துடலாம். இனிமே இவன் விட மாட்டான்."

"எப்படிம்மா கொடுக்கிறது? ஜன்னலை இவனே அடைச்சுக்கிட்டு இருக்கானே!"

இதைக் கேட்டதும் நிழலில் படுத்திருந்த ஜமீன் பெருமூச்சு விட்டார். கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். எழுந்தே விட்டார்! நிதானமாக நடந்து வந்து மகனின் இரண்டு கால்களையும் பிடித்து ஒரே இழு. பொளக்! சுண்டல் ஜன்னலை விட்டு உள்பக்கமே வந்து விழுந்தான். பின்பக்கத்தில் பளீரென்று ஒரு அடி வைத்துவிட்டு ஜமீன் பழைய இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டார்.

பொட்டு அம்மா கைக்கு வந்தது. பவளம் அதைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள், முகர்ந்தாள், மார்போடு அணைத்துக்கொண்டாள். சுண்டல் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இனிமேல் இந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

முதுகுக்குப் பின்னால் என்னவோ ஊர்ந்து வந்தது. அம்மாவின் கால்! இரண்டு கையும் பொட்டுவைப் பிடித்திருந்ததால் கால்விரலாலேயே அவன் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள். சுண்டலுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தான்.

அப்புறம் ஒரு சாயங்காலம். ஆரோக்கியம் வேண்டுமென்றே ஒரு பலாச்சுளையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். சுண்டல் முதுகில் பொட்டு சவாரி செய்துகொண்டிருந்தது.

"என்னடா ராசா, தம்பியைக் கொடுக்கிறியா?"

ஜன்னலுக்கு மேலே கம்பியில் உட்கார்ந்திருந்த கங்காணி நாக்கைச் சப்புக்கொட்டினான். "கொடுடா, மடையா! பாதி எனக்கு!" அவசரத்தில் குனிந்தபோது அவனுடைய அருமை வால் ஜன்னலுக்கு நேராகத் தொங்கியது.

சுண்டல் அந்த வாலைப் பார்த்தான். ஆரோக்கியத்தின் நீட்டிய கையைப் பார்த்தான். பரம சாதுவாக முகத்தை வைத்துக்கொண்டு, வாலைப் பிடித்து இழுத்து, அந்தக் கையில் வைத்தான்.

"ஐயோ! விடுடா, வாலில்லாத பயலே!"

"நான் எங்கே பிடிச்சிருக்கேன்? கொடுத்தது கொடுத்ததுதான்!" என்றான் சுண்டல்.

ஆரோக்கியம் சிரித்த சிரிப்பில் வால் நழுவியது. கங்காணி அன்றைக்கு எடுத்த ஓட்டம்தான், அப்புறம் அந்த மரத்துப் பக்கமே வரவில்லை. வழக்கப்படி சுண்டலுக்குப் பலாச்சுளை கிடைத்தது. அதை இரண்டாகக் கிழித்துப் பெரிய பாதியை அம்மாவிடம் கொடுத்தான்.

கூடப்பிறந்தவனுக்கு விலை சொல்லித் தருகிறவன் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் நமக்கு நண்பன் இல்லை. அந்த விலையை வாங்கித் தின்றால் அது நம் தொண்டையை விட்டுக் கீழே இறங்காது.