யாளிக்கல்லைத் தூக்கிய லேகியம்

ஊருக்கும் ஊருக்கும் நடுவே காடு மட்டுமே இருந்த காலம் அது. அப்போது நெடுங்குளம் என்று ஒரு நாடு, அந்த நாட்டுக்கு ஒரு ராஜா. நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள். பெரியதாக இருப்பதெல்லாம் அவருக்கு நல்லது. பெரிய யானை வேண்டும், பெரிய முரசு வேண்டும், பெரிய மல்லன் வேண்டும். அவ்வளவுதான் அவர்.

அரண்மனை வாசலில் ஆளைவிட உயரமான ஒரு தராசு தொங்கும். ஒரு தட்டில் கல்லில் செய்த யாளி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மல்லர்கள் ஒவ்வொருவராக மறு தட்டில் ஏறி உட்கார வேண்டும். யாளியை எவன் மேலே தூக்குகிறானோ அவனே அரசமல்லன். அவனுக்குத்தான் மாலை. அவனுக்குத்தான் யானை மேல் ஊர்வலம். பங்குனித் திருவிழாவில் அவன்தான் நாட்டுக்காக மற்போர் மண்ணில் இறங்கலாம்.

பங்குனிப் பௌர்ணமியில் மட்டும், தராசில் ஏறுவதற்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. மல்லனுக்குத் தினமும் எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவன் முன்னால் வர வேண்டும். மல்லன் நெஞ்சில் கை வைத்து, சபை கேட்க, "உடம்பு நல்ல உடம்பு" என்று சொல்ல வேண்டும். இதற்குக் கைவாக்கு என்று பேர். கண் ஏமாறும், கை ஏமாறாது என்பது அவர்கள் கணக்கு. கைவாக்கில் பொய் சொன்னால் என்ன தண்டனை என்று எந்த ஓலையிலும் இல்லை. அதுவரை யாரும் சொன்னதில்லை, அதனால் எழுதவில்லை.

அந்த ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி வேம்பன், மல்லன். அண்ணன் சாத்தன், தம்பிக்கு எண்ணெய் தேய்க்கிறவன். அப்பா அம்மா இல்லை. சாத்தன் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தம்பி உடம்புதான் அவனுக்குக் குடும்பம், தொழில், சொத்து எல்லாம்.

வேம்பனை அந்த நாட்டில் யாரும் கீழே தள்ளியதில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் சோறும் கொள்ளும் கீரையும், பொழுது சாய்ந்தால் இரண்டு முட்டையும் ஒரு செம்பு மோரும். அவன் பெண்டாட்டி பூவாத்தாள் ஆக்கிப் போடுவாள், அவன் சட்டியை வழித்துச் சாப்பிடுவான். உடம்பு முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை. வெயிலில் கருத்து, மண்ணில் உரசி, முழங்கையெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். தராசில் ஏறினால் யாளி அசையவே அசையாது.

ராஜாவுக்கு இது பொறுக்கவில்லை. "ஜெயிக்கிறான், சரி. பார்க்க நல்லா இல்லையே" என்று சபையில் சொல்லிவிட்டார். சபை சிரித்தது. வேம்பன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். பத்துப் பேரைப் பந்தாடுகிறவனுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்கத் தெரியவில்லை.

அந்த மாதம்தான் நாகதத்தன் என்கிற வியாபாரி மூன்று கழுதைகள் நிறைய ஜாடிகளோடு ஊருக்குள் வந்தான். ஜாடிக்குள் கறுப்பாக ஒரு லேகியம். காலையில் ஓர் எலுமிச்சை அளவு உருண்டை, அது சதைக்கு. மத்தியானம் ஓர் உருண்டை, அது தோலுக்கு. ராத்திரி ஓர் உருண்டை, அது ஆயுளுக்கு. மூன்று பௌர்ணமிக்குள் மல்லன் மலையாவான், தோல் தங்கமாக மினுங்கும் என்றான். ஒரே ஒரு பத்தியம். கூழும் கொள்ளும் கீரையும் கூடாது, அவை மருந்தை முறித்துவிடும்.

சந்தை முடிந்த பிறகு அவன் கழுதைகளை அவிழ்த்துவிட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து கேழ்வரகுக் களியும் கீரையும் தின்றான். சாத்தன் அதைக் கண்ணால் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை அவனுக்கு. நமக்கும்தான் பல சமயம் தோன்றுவதில்லை.

வேம்பன் லேகியம் தின்ன ஆரம்பித்தான்.

முதல் பதினைந்து நாளில் கன்னம் உப்பியது. அப்புறம் தோள் உருண்டது. அப்புறம் முழங்கையில் இருந்த சாம்பல் போய்த் தோல் இழுத்துக் கட்டிய முரசு மாதிரி மினுங்கியது. தெருவில் போனால் பெண்கள் நின்று பார்த்தார்கள். மற்ற மல்லர்கள் வயிறு எரிந்தார்கள். ஆனால் எல்லாரும் புகழ்ந்தது லேகியத்தை அல்ல, சாத்தனை. ஜாடியை வீட்டுக்குள் வைத்துத் தின்றது ஊருக்குத் தெரியாது. எண்ணெய்க் கிண்ணத்தோடு திரிகிற சாத்தனைத்தான் தெரியும்.

"சாத்தா, உன் கையில என்னதான்டா வச்சிருக்கே?" என்று கேட்டார்கள். அரண்மனையில் ராணியே அந்தக் கைக்காரன் யார் என்று விசாரித்தாளாம். இருபது வருஷமாக எண்ணெய் தேய்க்கிறான், ஒருத்தரும் அவன் பேரைச் சொன்னதில்லை. இப்போது சொன்னார்கள். அவனுக்கு அது இனித்தது.

முதல் பௌர்ணமிக்கு முந்தின நாள், சாத்தன் தம்பியின் கணுக்காலை உருவிக்கொண்டிருந்தான். கட்டைவிரலை அழுத்தி எடுத்தான். அழுத்திய இடத்தில் ஒரு குழி. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய பிறகுதான் குழி மேலே வந்தது.

சாத்தனின் கை நின்றுவிட்டது. இருபது வருஷமாக அந்த உடம்பைத் தொட்டவன் அவன். சதை என்றால் விரலை எதிர்த்துத் தள்ளும். இது தள்ளவில்லை. இது சதை இல்லை, தண்ணீர்.

வேம்பன் குப்புறப் படுத்தபடியே கேட்டான். "என்னண்ணே, நிறுத்திட்டே? நல்லா இருக்கில்ல?"

"நல்லாத்தான்டா இருக்கு" என்றான் சாத்தன்.

அது முதல் பொய். மறுநாள் தராசில் யாளி ஓர் அங்குலம் அசைந்தது. சபை கைதட்டியது.

அடுத்த மாதம் வேம்பனின் கண் இமைகள் காலையில் வீங்கிக்கொண்டன. கணுக்கால் எலும்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். சிறுநீர் சரியாகப் போகவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் மினுங்கினான், பிறகென்ன?

சாத்தன் மறுபடியும் அழுத்திப் பார்த்தான். இந்த முறை குழி மேலே வரப் பத்து எண்ண வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பூவாத்தாள் மோர்ச் செம்போடு வாசலில் அவனை மறித்தாள். செம்பில் மோர் அப்படியே இருந்தது. அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள், அன்று கொஞ்சம்தான் பேசினாள்.

"மாமா, நான் ஆக்குறத அவரு தொடுறதில்ல. மோந்து பாத்துட்டுத் தள்ளி வச்சிடுறாரு. ராத்திரி படுக்க முடியாம உக்காந்தே தூங்குறாரு. எனக்கு உடம்பப் பத்தி என்ன தெரியும்? உங்க கையிலதான தெனமும் அந்த உடம்பு கெடக்குது. நீங்க சொல்லுங்க. நல்லாத்தான் இருக்காரா?"

சாத்தன் அந்த மோரையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் இவள் இப்போதே ஜாடியைத் தெருவில் போட்டு உடைப்பாள். தம்பி பிழைப்பான். நாலு மாதத்தில் பழைய கருப்பும் பழைய சாம்பலுமாக மண்ணில் நிற்பான். ஊர் மறுபடியும் சாத்தனின் பேரை மறந்துவிடும்.

"மல்லனுக்கு உடம்பு பெருசாகுறப்போ அப்படித்தான் இருக்கும். நீ பயப்படாத" என்றான்.

அது இரண்டாவது பொய். அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? இருபது வருஷம் பொய் சொல்லாத கை.

மூன்றாவது பௌர்ணமி வந்தது. பங்குனித் திருவிழாவும் அடுத்த நாள்தான். காலையிலேயே சாத்தன் அழுத்திப் பார்த்தான். எண்ணினான். எண்ணிக்கொண்டே இருந்தான். இரண்டு காலையும் உருவி முடித்துக் கிண்ணத்தை மூடிய பிறகும் அந்தக் குழி மேலே வரவில்லை.

அரண்மனை வாசலில் கூட்டம். வேம்பனை நாலு பேர் தாங்கிப் படியேற்றினார்கள். மரியாதைக்காகத் தாங்குகிறார்கள் என்று ஊர் நினைத்தது. ராஜா எழுந்து நின்றார். ராணி எட்டிப் பார்த்தாள். சாத்தன் முன்னால் வந்து தம்பியின் நெஞ்சில் கை வைத்தான். உள்ளே இதயம் வலையில் விழுந்த மீன் மாதிரி துடித்தது. கை ஏமாறவில்லை. கையை வைத்திருந்தவன்தான் ஏமாற்றினான்.

"உடம்பு நல்ல உடம்பு."

அது மூன்றாவது பொய். வேம்பன் ஏறி உட்கார்ந்தான். யாளி விர்ரென்று மேலே போனது. முரசு அடித்தார்கள், பூ எறிந்தார்கள், யானை மேல் ஏற்றினார்கள்.

மறுநாள் திருவிழா மண்ணில் எதிரே நின்றவன் பக்கத்து நாட்டு மல்லன். பேர் கீரன், ஆள் ஓணான் மாதிரி இருந்தான். நெடுங்குளத்து ஜனங்கள் அவனைப் பார்த்து, வீட்டில் சோறு போடுவதில்லையா, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமா, காற்றடித்தால் என்ன செய்வாய் என்று கிண்டல் செய்தார்கள். கீரன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து வேம்பனின் இரண்டு தோளையும் பிடித்தான்.

பிடித்தவன் உடனே விட்டுவிட்டான்.

வேம்பனின் தோளில் பத்து விரலும் பத்துக் குழியாகப் பதிந்திருந்தன. மினுங்குகிற தோலில் பத்துக் குழியும் எல்லாருக்கும் தெரிந்தன. வேம்பன் இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை, அதற்குள் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தான். உதடு நீலம் பாரித்தது.

கீரன் ராஜாவைப் பார்த்துத் திரும்பினான். "இவருக்கு உடம்பு சரியில்லைங்க. இவரு கூட நான் மோத மாட்டேன். வைத்தியரக் கூப்பிடுங்க" என்றான்.

ராஜா என்ன செய்தார் தெரியுமா? எதிராளி பின்வாங்கிவிட்டான், நெடுங்குளம் ஜெயித்தது என்று அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. விழுந்துகொண்டிருந்தவன் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். கீரன் மட்டும்தான் அவன் தலை மண்ணில் மோதாமல் தாங்கிப் பிடித்தான்.

வைத்தியர் வந்து பார்த்தார். இது இரண்டு மாதத்துக்கு முன்னால் காட்டியிருக்க வேண்டியது என்றார். லேகியத்தில் இருந்த உப்பும் வெல்லமும் ஏதோ ஒரு கல்லின் சாம்பலும் சேர்ந்து உடம்பின் வடிகாலையெல்லாம் அடைத்துவிட்டன, தங்கமும் இல்லை சதையும் இல்லை, தேங்கிய தண்ணீர்தான் இத்தனை நாளும் மினுங்கியது என்றார். முதல் மாதமே தெரிந்திருந்தால் வெறும் கஞ்சியும் ஓய்வுமே போதும் என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் வேம்பன் செத்துப்போனான். ஜெயித்தவனாகவே செத்தான்.

நாகதத்தனைத் தேடினார்கள். அவன் கழுதைகளோடு எப்போதோ அடுத்த நாட்டுக்குப் போயிருந்தான். சாத்தனை யாரும் தண்டிக்கவில்லை. கைவாக்குப் பொய் என்றால் வெற்றியும் பொய் என்றாகிவிடும், அதனால் ராஜா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாறாக, உன் கை உயர்ந்த கை, இனி எல்லா மல்லருக்கும் நீயே தேய்த்துவிடு என்று ஆள் அனுப்பினார்.

காரியம் முடிந்த அன்று பூவாத்தாள் சாத்தனைக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான். இப்போதாவது உண்மை வந்தது.

"எப்பத்துல இருந்து?"

"முதல் பௌர்ணமிக்கு முந்தின நாள்ல இருந்து."

அவள் அழவில்லை, சபிக்கவில்லை, அடிக்கவில்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை அவன் கண் முன்னாலேயே சுருட்டி எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டாள். சாத்தனுக்கு அந்த வீட்டில் அதற்கப்புறம் சோறு இல்லை.

அவன் ராஜாவின் வேலைக்குப் போகவில்லை. லேகியம் போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே போனான். முதல் ஊர்ச் சந்தையில் நின்று, இதைத் தின்றுதான் என் தம்பி செத்தான் என்று சொன்னான். ஒல்லியாக, கன்னம் ஒட்டி, பரட்டைத் தலையோடு நின்ற அவனைப் பார்த்து, பொறாமையில் பேசுகிறான் என்று சிரித்தார்கள். இரண்டாவது ஊரில் அதையே சொன்னான். அங்கே நாகதத்தன் நல்ல பட்டு உடுத்தி, நெய் தடவி மினுங்குகிற முகத்தோடு நின்றான். ஜனங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஜாடியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது ஊரில் ஒரே ஓர் இளைஞன் நின்று முழுவதும் கேட்டான். குழியைப் பற்றி, நீலம் பாரித்த உதட்டைப் பற்றி, உட்கார்ந்தே தூங்கியதைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டான். சாத்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தனாவது பிழைத்தான் என்று நினைத்தான்.

இளைஞன் கொஞ்சம் யோசித்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே, சாகறதுக்கு முன்னாடி உங்க தம்பி எம்புட்டுப் பெருசா இருந்தாரு?"

கதை கேட்டவர்களே, மினுங்குகிற உடம்பெல்லாம் நல்ல உடம்பு இல்லை, அது தெரிந்தும் நல்ல உடம்பு என்று வாய் கூசாமல் சொல்கிறவன் விஷத்தை விற்றவனைவிடப் பெரிய பாவி.