முப்பதாவது சீன், முப்பத்தொன்றாவது சீன்

“போலீஸ் எதுக்குய்யா? நம்ம சார் ஒன்பது படத்துல கொலையையே கண்டுபிடிச்சவர்” என்று ஒரு லைட்மேன் இன்னொருவரிடம் சொன்னது, உதவி இயக்குநரான என் காதில் விழுந்தது.

துப்பறியும் படங்களின் நாயகன் அமரேந்திரனின் வைர மோதிரத்தைக் காணவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் யூனிட் முழுவதையும் வரிசையாக நிற்கவைத்தார். படத்தில் வருவதுபோலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். காஸ்ட்யூம் உதவியாளர் செங்கமலத்தின் முன்னால் வந்து நின்றார்.

“முப்பதாவது சீன்ல மோதிரம் இருந்துச்சு. முப்பத்தொண்ணுல, பிச்சைக்கார வேஷத்துல, கையில இல்லை. நடுவுல என் கோட்டைக் கழட்டினது யாரு? நீதானே!”

எல்லோரும் கைதட்டினார்கள். செங்கமலத்துக்கு இந்த வேலையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. முந்தானையை விரலில் சுருட்டிக்கொண்டாள்.

“சரிதாங்க சார். ஆனா பிச்சைக்கார சீனை முந்தாநாளே எடுத்தாச்சு. முப்பதாவது சீனை இன்னிக்குக் காலையிலதான் எடுத்தோம். முந்தாநாள் நான் திருடின மோதிரத்தை இன்னிக்கு எப்படிங்க போட்டு நடிச்சீங்க? இன்னும் அதே கோட்டோடதான் நிக்கிறீங்க. சாப்பிட உக்காந்தப்போ மோதிரத்தைக் கழட்டி எங்க வெச்சீங்க?”

அமரேந்திரனின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. மோதிரத்தோடு வெளியே வந்தது. யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

அமரேந்திரன் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புரொடக்‌ஷன் மானேஜர் அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, நாளை வரவேண்டியவர்களின் பட்டியலில் செங்கமலத்தின் பெயரை அடித்துவிட்டார்.