இலைக்கு அடியில் ஒளித்த காய்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாயும் இருந்தது, வாய்த்துடுக்கும் இருந்தது. அப்போது எல்லாச் செடிக்கும் காய் இலைக்கு மேலேதான் காய்க்கும். உச்சிவேளையானால் சூரியன் அந்தக் காய்களின் சாற்றையெல்லாம் உறிஞ்சிக்கொள்வான். மிச்சம் வெறும் சக்கை. பெரியவருக்குக் கொடுப்பது பெருமை என்று செடிகளும் தலையாட்டிக்கொண்டிருந்தன.

வரப்போரம் சின்னநெல்லி என்று ஒருத்தி இருந்தாள். பக்கத்திலேயே அவள் அக்காள், பெரிய நெல்லிமரம். ஒருநாள் களையெடுக்கும் அங்காயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் புருசன் கண்ணும் நகமும் மஞ்சள் பூத்து, ஏழு நாளாகப் பாயோடு கிடந்தான்.

“தாயி, கொஞ்சம் கசப்பு கொடேன். காடு மேடெல்லாம் கேட்டுட்டேன். எல்லாம் சக்கையா நிக்குது.”

சின்னநெல்லிக்கு மனசு கேட்கவில்லை. அன்றுதான் முதன்முதலாகக் காய்த்திருந்த அவள் காயில் கசப்பு நிறைய இருந்தது. ஆனால் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டான்.

“ம், காயைத் தூக்கிக் காட்டு” என்றான்.

“மாட்டேன்.”



“பெரியவர் கேட்டா கொடுத்துடுடி. நான் என் இனிப்பைக் கொடுக்கலையா?” என்று பதறினாள் அக்காள்.

“கொடுத்துட்டுத்தான் புளிச்சுப்போய் நிக்கிறே. இவ புருசன் செத்தா உன் பெரியவரா வந்து கஞ்சி ஊத்துவாரு?”

சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு காம்பாக வளைத்து, அத்தனை காயையும் இலைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

சூரியனுக்குக் கோபம் தலைக்கேறியது. இலை நுனியெல்லாம் பொசுங்கியது. அவள் அசையவில்லை.

“இனி முழங்காலுக்கு மேலே நீ வளரவே மாட்டே!”

“வளரலைன்னா போகுது. என்னைத் தேடுறவன் குனிஞ்சு தேடட்டும். அங்காயி, என்ன பார்த்துட்டு நிக்கிறே? வேரோட பிடுங்கு.”

“பிடுங்கினா நீ செத்துப்போவியே!”

“போறேன். நாலு காயை மட்டும் இந்த வரப்புல உதிர்த்துட்டுப் போ. என் பிள்ளைங்களும் இந்தச் சூரியனுக்குக் காயைக் காட்டாதுங்க.”

அங்காயி அழுதுகொண்டே பிடுங்கினாள். வேரும் இலையும் காயுமாக அரைத்து, மோரில் கலக்கி, மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தாள். பத்தாம் நாள் அவன் கண்ணில் வெள்ளை திரும்பியது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனான்.

அடுத்த மழைக்கு வரப்பெல்லாம் குட்டிச் செடிகள். ஒன்றுகூடக் காயை மேலே காட்டவில்லை.

அன்று முதல்தான் சின்னநெல்லி கீழாநெல்லியாகி இலைக்கு அடியில் காய்க்கிறாள்; மஞ்சள் காமாலை வந்தால் ராஜாவானாலும் வரப்பில் குனிந்துதான் அவளைப் பிடுங்கவேண்டும்.