பன்னிரண்டு வோல்ட்

கொல்லிமலை மேலே, செம்மேட்டுச் சாலையில், பூங்கோதை வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை வைத்திருந்தாள். வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்க வந்த அங்கமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டி, முதுகு வலியால் ஸ்டியரிங்கை விட்டவர். அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

ஒரு காலையில் ஜீப் ஒன்று வந்து நின்றது. பின்னால் நான்கு சக்கர ட்ரெய்லர். மலையூர்களில் கண் பரிசோதனை முடித்துவிட்டு, கருவிகளோடு கீழே இறங்க வேண்டிய வண்டி. டிரைவர் அமீரின் முகம் வெளுத்திருந்தது.

"பிரேக் அடிச்சா ஜீப் நிக்குதுங்க. ட்ரெய்லர் நிக்கல. பின்னாடியிருந்து தள்ளுது. கீழ போக எழுபது வளைவு இருக்கே!"

ட்ரெய்லரின் பிரேக் மின்சாரத்தில் வேலை செய்வது. டிரைவரின் முழங்காலருகே ஒரு சிறிய கன்ட்ரோலர் பெட்டி. அதை அமுக்கினால் மின்சாரம் வயர் வழியே போய், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இருக்கும் காந்தத்தை எழுப்பும். காந்தம் பிரேக் கட்டையை இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும்.

பூங்கோதை வேறொரு வண்டியின் அடியில் கிடந்தாள். "பாருங்கண்ணா" என்றாள்.

அங்கமுத்து சக்கரத்துக்குப் போகும் வயர்களைக் கழற்றி மீட்டரை வைத்தார். அமீர் அமுக்கினான். பன்னிரண்டு வோல்ட். நான்கு சக்கரத்திலும் அதே பன்னிரண்டு.

"வயர்ல குத்தமில்ல. பெட்டியில பிரேக் அளவு கம்மியா இருந்துச்சு, கூட்டி வெச்சுட்டேன். எறங்கலாம்."

வண்டியோடு வந்திருந்த இரண்டு நர்ஸுகள் ஜீப்பில் ஏறினார்கள். அமீர் சாவியைத் திருகப் போனான். பூங்கோதை கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"பல்பு போட்டுப் பாத்தீங்களா?"

"மீட்டரே சொல்லிருச்சுங்களே."

அவள் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து, அதே வயரின் முனையில் மாட்டினாள். "அமுக்குங்க."

பல்பு எரியவில்லை. உள்ளே இழை சிவக்கக்கூட இல்லை.

அங்கமுத்து பல்பைக் கழற்றி மீட்டரை வைத்தார். பன்னிரண்டு. மீண்டும் பல்பு. இருட்டு.

பூங்கோதை ட்ரெய்லருக்கு அடியில் புகுந்து, நான்கு சக்கரத்துக்கும் போகும் பொது வயரை முன்னிருந்து பின்னாக விரலால் தடவிக்கொண்டே போனாள். மேலுறை புதிது போலப் பளபளத்தது. ஓரிடத்தில் விரல் நின்றது. உறையைக் கீறினாள். செம்பு அரித்த பச்சைத் தூள் கொட்டியது. அதன் நடுவே அறுபடாமல் இருந்தது முடி கனத்தில் ஒரே ஒரு செம்புக் கம்பி.

அங்கமுத்து ஜீப்பை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே ஒரு நர்ஸ் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

புது வயர் போட்டார்கள். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கினார்கள்.

"சுத்துங்கண்ணா."

இரு கைகளாலும் வேகமாகச் சுற்றிவிட்டார். அமீர் அமுக்கினான். சட்டென்று நின்றது சக்கரம்.

யாரும் தொடவில்லை. ஒரு சத்தமில்லை. இருபத்தைந்து வருடம் பிரேக்கை மிதித்தவருக்கு கை மயிர் குத்திட்டு நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடி நின்றது. நான்காவது முறையும் சுற்றினார். பூங்கோதை தடுக்கவில்லை.

"இன்னும் பயமா இருக்குங்க வாத்தியாரம்மா. எதை நம்பி இவங்கள அனுப்பறது?"

பூங்கோதை நர்ஸுகளிடம் போய், "நீங்க பஸ்ல வந்துருங்கம்மா" என்று இறக்கிவிட்டு, அமீரின் பக்கத்தில் தான் ஏறி உட்கார்ந்தாள். அங்கமுத்து பின்னால் ஏறினார்.

வளைவு வளைவாக இறங்கினார்கள். மிகவும் சரிந்த இடத்தில் பூங்கோதை வண்டியை நிறுத்தச் சொன்னாள். நின்றது. ஒன்றரை டன் ட்ரெய்லர், பின்னாலிருந்து ஒரு அசைவு காட்டாமல், அதுவும் நின்றது. கீழே வயல்கள் பச்சையாகக் கிடந்தன.

அடிவாரத்தில் அங்கமுத்து இறங்கி, சக்கரம் சக்கரமாகப் போய்ப் புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தார். நான்கிலும் பிரேக் பிடித்த சூடு. கடைசிச் சக்கரத்தின் அருகே வெகுநேரம் குந்தியிருந்தார்.

"அந்தப் பழைய வயரு மீட்டர்ல பன்னெண்டு காட்டுச்சே வாத்தியாரம்மா. அது பொய்யா?"

"பொய் இல்லீங்கண்ணா. பல்பு கரண்ட் கேட்டுச்சு, அதால குடுக்க முடியல. மீட்டர் அதுகிட்ட ஒண்ணுமே கேக்கல."